படிக்கட்டு உள்ளே போன வழி

பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று நான் சொல்லாதது: "இறக்கி விடுங்க."

வாய் வரைக்கும் வந்தது. அப்போது நாடக அரங்கின் முன்படிகளில், பாதி உயரத்தில், நான்கு ஆட்களின் கையில் இருந்தேன். அந்த இடத்தில் வைத்து அதைச் சொன்னால் நிஜமாகவே இறக்கிவிடுவார்களோ, அதுவும் எந்த வாக்கில் இறக்குவார்களோ என்று பயம். அதனால் சிரித்து வைத்தேன்.

சக்கர நாற்காலியைத் தூக்குகிறவர்கள் பின்பக்கம் சாய்த்துத்தான் தூக்குவார்கள். எனக்குத் தெரிவதெல்லாம் கூரை. இந்த ஊரின் கூரைகளை என் அளவுக்குப் படித்தவர்கள் இருக்க முடியாது. வங்கிக் கூரையில் நீர்க்கசிவு. நூலகத்தில் சுற்றாத மின்விசிறி. இன்று புதிதாக நாடக அரங்கின் முகப்பு: பூ வேலைப்பாடு, நடுவே ஒட்டடை.

மேலே கொண்டுபோய் வைத்ததும் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். யாருக்கு? எனக்கா, தூக்கியவர்களுக்கா? நாடகம் இன்னும் தொடங்கவே இல்லையே. அரங்கத்தின் மேலாளர் ஓடி வந்தார். "கவலைப்படாதீங்க, கவலைப்படாதீங்க, நம்ம பசங்க எப்பவும் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே போட்டோ எடுத்தார். நான் கவலைப்படவில்லை, கோபப்பட்டேன். இரண்டுக்கும் என் முகம் ஒரே மாதிரி இருக்கும் போலிருக்கிறது. இனி இங்கே அவர் பெயர் 'கவலைப்படாதீங்க'.

அக்காவுக்கு இரண்டே காட்சி. தட்டை வைத்துவிட்டுப் போகும் வேலைக்காரி. ஆனாலும் அந்தத் தட்டை என்னவோ தீர்ப்பு வாசிக்கிற மாதிரி வைத்தாள். நான் கடைசி வரிசைக்கும் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். எனக்குத் தெரிந்தது சட்டை முதுகுகள். அக்கா தலை வணங்கியதை நான் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து "எப்படிடி இருந்தேன் கடைசில?" என்று கேட்டாள். "நல்லா இருந்த" என்றேன். சொல்லாததில் இதையும் சேர்க்க வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

வலது அக்குளுக்குக் கீழே கன்றியிருக்கிறது. கட்டைவிரல் வடிவம். யாருடைய விரல் என்றுகூட எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்காவுக்கு முக்கிய வேடம்! கலங்கரை விளக்கத்தைக் காக்கும் பெண். விளக்கை அணைக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வருகிறது, அவள் அணைக்க மாட்டாள். நாடகம் முழுக்க அவள்தான். நாடகக் குழுவில் சேர்ந்து இத்தனை வருஷம் தட்டும் குடையும் தூக்கியவள். செய்தியைச் சொன்னபோது சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள், வாயில் ஊசி இருப்பதையே மறந்து.

மார்ச் 15 முதல் காட்சி.

"எல்லாரும் போறோம்" என்றாள் அம்மா.

"வரேன். ஆனா என்னை யாரும் தூக்கக் கூடாது" என்றேன்.

எப்படி இவ்வளவு சாதாரணமாக அது வெளியே வந்தது? ஒரு வாரமாக உள்ளே கிடந்த வாக்கியம்.

அப்பா பஸ் ஓட்டுகிறவர். எதையும் நிமிஷக் கணக்கில்தான் பார்ப்பார். "ரெண்டு நிமிஷ வேலைம்மா" என்றார்.

"உங்களை ரெண்டு நிமிஷம் நாலு பேர் தூக்கிட்டுப் போனா சும்மா இருப்பீங்களா?"

"எனக்கும் நாலு பேர் தூக்கற நாள் ஒண்ணு வரத்தான் போகுது" என்று சிரிக்கப் பார்த்தார். "நல்ல நாளும் அதுவுமா வாயில வேற வார்த்தை வராதா?" என்று அம்மா அவர் மீது பாய்ந்தாள். பேச்சு அதோடு திசை மாறிவிட்டது.

ஆனால் அப்பா தெரியாமலே சரியாகச் சொல்லிவிட்டார். நாலு பேர் தூக்க, வானத்தைப் பார்த்தபடி போவதற்கு எனக்கு இன்னும் வயதாகவில்லை.

அக்கா மட்டும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 19, புதன்

கவலைப்படாதீங்க-வைப் பார்க்கப் போனேன். அவருடைய அறை மாடியில். ஆகவே அவர் நடைபாதைக்கு இறங்கி வந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு பேர் "கொஞ்சம் வழி விடுங்க" என்று எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"நம்ம பசங்க தங்கமான பசங்க. ஒரு தடவை கூட யாரையும் கீழ போட்டதில்ல" என்றார்.

"போடறதுக்கு முன்னாடியே வேண்டாம்னு சொல்ல வந்தேன்."

"இவ்வளவு வருஷத்துல யாரும் இப்படிக் கேட்டதே இல்லையேம்மா."

"வராதவங்க எப்படி சார் வந்து கேட்பாங்க?"

கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவராக இருந்தால் கத்திவிட்டு வந்திருப்பேன். "ராம்ப் ஒண்ணு போட்டுடலாம். நம்மகிட்டயே செட் போடற தச்சருங்க இருக்காங்க. கவலைப்படாதீங்க!" என்றார். கை கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சக்கரம் தானாக உருண்டது போலிருந்தது.

பிப்ரவரி 22, சனி

பதிப்பகத்திலிருந்து மெய்ப்புக் கட்டு வந்திருக்கிறது. ஏதோ கட்டடக் கலை நூல். 'வாயில்' என்ற அத்தியாயம் முழுக்கத் தூண்களைப் பற்றி. உள்ளே எப்படிப் போவது என்பது பற்றி ஒரு வரி இல்லை. எழுத்துப்பிழைகளை மட்டும் திருத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். திருத்தினேன்.

மார்ச் 2, ஞாயிறு

சாய்தளம் தயார் என்று அக்கா சொன்னாள். அப்பாவோடு போனேன்.

எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததும் மூச்சு நின்றுவிட்டது. அத்தனை அழகு. பழைய கருங்கல் பாளங்கள். இடுக்குகளில் பாசி. ஓரத்தில் ஒரு சின்னச் செடிகூட முளைத்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால் எல்லாம் ஒட்டுப்பலகை மேல் பெயிண்ட். செடியும் பெயிண்ட். பத்தாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறவனுக்காகவே வேலை செய்து பழகிய கைகள் செய்தது.

சரிவோ, சறுக்குமரம் மாதிரி. பாதி ஏறியதும் சக்கரம் வழுக்கியது. என் தோள் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. பின்னால் உருண்டேன். அப்பா பிடித்துக்கொண்டார். பெயிண்ட் வேறு காயவில்லை. என் உள்ளங்கை முழுக்கப் பாசி.

"ஏறிப் பாத்தீங்களா அண்ணே?" என்று தச்சரிடம் கேட்டேன்.

"நாங்க எங்கம்மா ஏறறது? செட்டுல ஏறறது நடிகருங்கதான். அவங்க எதுலயும் ஏறிடுவாங்க" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "இன்னும் நீளமா இழுக்கணும்னா ரோட்டுக்கே போயிடும். அளவெடுத்துப் பாத்தாச்சு."

கவலைப்படாதீங்க மட்டும் தெருவுக்கு அந்தப்பக்கம் நின்று ரசித்துக்கொண்டிருந்தார். "இங்கிருந்து பாருங்க, என்ன லட்சணமா இருக்கு! ஏறும்போது மட்டும் நம்ம பசங்க ஒரு கை பிடிப்பாங்க."

அப்பா பேசாமல் என் உள்ளங்கையைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அக்காவோடு சண்டை.

ஒத்திகை முடிந்து வந்தவள் பையைக் கீழே போட்டாள். "நாலு பேர் முன்னாடி என்னை நிக்க வெச்சுக் கேக்கறார்டி. உன் தங்கச்சிக்கு என்னதான் வேணுமாம், ராம்ப் போட்டாச்சே, இன்னும் என்னன்னு."

"ஏற முடியற ராம்ப் வேணும்னு சொல்றதுதானே?"

"எனக்கு இது முதல் தடவை. ஒரே ஒரு நாள். உன் போராட்டத்துக்கு வேற நாள் கெடைக்கலையா?"

"வேற நாள் எது? நீ தட்டு தூக்கிட்டு வந்த நாளா?"

ஏன் சொன்னேன் அப்படி. ஐயோ. அவள் முகம்—

பிறகு மெல்லக் கேட்டாள்: "ரெண்டு நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா என்னடி? எனக்காக?"

நான் பதில் சொல்லவில்லை. பதில் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டே இருபத்தாறு வயது வரை வந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவருக்காக. மேலே போனதும் என்னைக் கொண்டுபோய் வைக்கும் இடத்தில் நான் இருப்பதில்லை. வாயைத் திறக்காத, நன்றியுள்ள வேறு யாரோ ஒருத்தி அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவளை அனுப்பி அக்காவின் நாடகத்தைப் பார்க்கச் சொல்வதா? அவளுக்கு நாடகம் பிடிக்குமா என்றே எனக்குத் தெரியாது.

ஆனால் போகாவிட்டால்? இவள் அந்த விளக்கை ஏற்றுவதை நான் பார்க்கவே போவதில்லையா?

மார்ச் 6, வியாழன்

பிடிவாதம் என்கிறாள் அம்மா. சரி, பிடிவாதம்தான்.

மார்ச் 8, சனி

மெதுவாக எழுத வேண்டும், கை ஓடுகிறது.

அக்கா முழங்கால் பட்டையை மறந்துவிட்டுப் போய்விட்டாள். செட் வரும்வரை ஒத்திகையில் வேறு ஏதோ படியில் ஏறி ஏறி அவளுக்கு மூட்டு வலி. "அவகிட்ட பேசாட்டிப் போ, இதையாவது கொண்டு போய்க் குடு" என்று அம்மா அனுப்பினாள். நடிகர்கள் போகும் பின்சந்துக்குப் போனேன். அந்தச் சந்துக்கு நான் போனதே இல்லை.

அங்கே ஒரு லாரி. அதிலிருந்து கலங்கரை விளக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு ஆள் உயரம். சுற்றிச் சுற்றி மேலே ஏறும் படிக்கட்டு, கைப்பிடி, எல்லாம் முழுதாக. அடியில் சக்கரங்கள். மூன்று பேர் தள்ளினார்கள். "மெதுவா, மெதுவா, தலை இடிக்கப் போவுது" என்று ஒருவர் பின்னாலேயே நடந்தார். அகலமான இரும்புக் கதவு. வாசற்படி இல்லை. மேடு இல்லை. சந்தின் தரை அப்படியே உள்ளே நீண்டு மேடைத் தரை ஆகியது. அந்தக் கலங்கரை விளக்கம் ஒரு சின்னக் குலுக்கல்கூட இல்லாமல் ராணி மாதிரி உள்ளே போனது.

படிக்கட்டே சக்கரத்தில் போகிறது. நான் போகக் கூடாதாம்.

எவ்வளவு நேரம் சிரித்தேன் என்று தெரியவில்லை. அப்புறம் உறைத்தது. இந்த அரங்கில் மேடை உயரமில்லை. இருக்கைகள்தான் மேடையிலிருந்து அடுக்கடுக்காகப் பின்னால் ஏறிப் போகின்றன. அப்படியானால் முதல் வரிசையும் மேடையும் ஒரே தரை. அன்று கடைசி வரிசையிலிருந்து இரண்டு மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்! தெருவிலிருந்து முதல் வரிசை வரைக்கும் ஒரு படிகூடக் கிடையாது. நாடகக்காரர்கள் நாற்காலி மேசைகளுக்காகக் கட்டிய வழி. ஆட்களுக்குக் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கதவருகே ஓர் அம்மாள் வந்து நின்றார். கழுத்தில் சாவிக்கொத்து. மேடை நிர்வாகி. முதல் மணி, இரண்டாம் மணி, மூன்றாம் மணி எல்லாம் அவர் அடிப்பதுதான். நடிகர்கள் 'மணிக்காரம்மா' என்பார்கள், அவர் காதில் விழாமல்.

"என்ன பாக்கற? உள்ள வரதுன்னா வா, இல்லேன்னா நகரு. கதவை அடைக்கணும்."

"வரலாமா?"

"சக்கரத்தைத் துடைச்சுட்டு வா. தெருவுல போற செருப்போட மேடையில யாரும் கால் வைக்கக் கூடாது. முதலாளியே வந்தாலும் கழட்டணும்." ஒரு துணியை எடுத்தவர் நிறுத்தினார். "நீயே துடைச்சுக்குவியா, நான் துடைக்கணுமா?"

"நானே துடைச்சுக்கறேன்."

துணியை வீசினார். பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் எத்தனையோ விதிகளிலிருந்து எனக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். இந்த அம்மாள்தான் விதியை என்மேல் போட்டார். எல்லோருக்கும் செருப்பு, எனக்குச் சக்கரம். நான்கு சக்கரத்தையும் துடைத்தேன், சிறியவற்றில் சிக்கியிருந்த நூலைக்கூட எடுத்தேன்.

"இந்தப் பக்கம் இன்னும் சேறு இருக்கு" என்றார்.

மேடையில் உருண்டேன். மரத்தரை. சத்தமே இல்லை. முதல் வரிசை வரை போய்த் திரும்பினேன். அதற்குள் புதுப் படிக்கட்டில் ஏறி நின்றிருந்த அக்கா வசனத்தை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் பட்டையை உயர்த்திக் காட்டினேன்.

மார்ச் 12, புதன்

கவலைப்படாதீங்க கவலைப்பட்டார். பின்சந்துக் கதவு வழியாக வருகிறேன் என்று சொல்லப் போயிருந்தேன்.

"மேடைக்குப் பின்னால என்ன இருக்குன்னு ஜனங்களுக்குத் தெரியவே கூடாதும்மா. அதுதான் நாடகத்தோட மாயம். பார்வையாளர் மேடை மேல ஏறினதா சரித்திரமே இல்ல. அதுவும் முதல் நாள்! பசங்ககிட்ட சொல்லிட்டேன். முன்வாசல்லயே ரெடியா இருப்பாங்க."

"நான் பின்சந்துல இருப்பேன்" என்றேன். குரல் நடுங்கவில்லை. முழங்கால் நடுங்குவது எனக்குத் தெரியாது என்பது இந்த மாதிரி நேரத்தில் ஒரு வசதி.

மாலையில் அக்கா வந்தாள். ஒரு சண்டைக்கும் ஒரு சமாதானத்துக்கும் நடுவே எட்டு நாளாக நிற்கிறோம். ஒப்பனைப் பையிலிருந்து கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். நான்கு பேர் கையில் நான். சிரிக்கிறேன். கீழே அச்சு எழுத்தில்: 'எங்கள் அரங்கில் எல்லோருக்கும் இடம் உண்டு.'

"வரவேற்பறையில மாட்டியிருந்தார். மூணு வாரமா இதைத் தாண்டித்தான் போயிட்டு வந்தேன்" என்றாள். "இன்னைக்குத்தான் உன் முகத்தைப் பாத்தேன். பல் டாக்டருக்குச் சிரிக்கற மாதிரி சிரிச்சிருக்க."

"கழட்டிட்டு வந்துட்டியா? அவர் கேட்டா?"

"என் தங்கச்சி படம், நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்வேன்." பிறகு, "அந்தத் தட்டுப் பேச்சை மட்டும் நான் மறக்க மாட்டேன்டி, சொல்லிட்டேன்."

"மறக்காத."

"நல்லாத்தானே வெச்சேன் தட்டை?"

"தீர்ப்பு மாதிரி வெச்ச."

படத்தைக் கழற்றிவிட்டு அந்தச் சட்டத்தில் அம்மா வேறு ஏதோ போடப் போகிறாளாம்.

மார்ச் 16, ஞாயிறு, காலை

நேற்று மதியத்துக்கு மேல் நான் தண்ணீர் குடிக்கவில்லை. அரங்கின் கழிப்பறையும் படி ஏறித்தான். நாடகம் பார்க்கப் போகும் வேறு யாராவது தாகத்தைத் திட்டமிடுவார்களா?

பின்சந்துக்குப் போனோம். இரும்புக் கதவு திறந்திருந்தது. அதன் குறுக்கே கவலைப்படாதீங்க. பக்கத்தில் அந்த நான்கு பேர். யாரோ சொல்லி ஓடி வந்திருக்கிறார்கள்.

"அடம் பிடிக்காதீங்கம்மா. கதவைத் தொறந்தாச்சு, ஜனங்க உள்ள உக்காந்தாச்சு. பசங்களா, மெதுவாத் தூக்குங்க, அப்படியே முன்பக்கம் கொண்டு போயிடலாம்."

ஒரு கை என் அக்குளை நோக்கி வந்தது. நான் பிரேக்கைப் போட்டேன்.

"தூக்காதீங்க."

சொல்லிவிட்டேன். சத்தமாக. சந்து முழுக்கக் கேட்டது.

கை நின்றது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர், நால்வரில் மூத்தவர், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நல்லதும்மா" என்றார். "போன தடவையே எனக்கு இடுப்பு புடிச்சு நாலு நாள் குனிய முடியல. இவர்கிட்ட சொன்னா கேக்கணுமே."

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுவரைக்கும் அவர்களிடமும் யாரும் கேட்டதில்லை என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை.

"கலங்கரை விளக்கம் எந்த வழியா சார் உள்ள போச்சு?" என்று கேட்டேன்.

"அது செட்டும்மா!"

"அது ஒரு நாடகத்துக்கு வந்திருக்கு. நானும் அதே நாடகத்துக்குத்தான் வந்திருக்கேன். டிக்கெட் வாங்கிட்டு."

பையிலிருந்து துணியை எடுத்து, அவர் கண் முன்னாலேயே சக்கரங்களைத் துடைக்கத் தொடங்கினேன். அவசரப்படவில்லை. அப்பா கீழே உட்கார்ந்து தன் செருப்பைக் கழற்றினார். அம்மாவும் கழற்றினாள். உள்ளிருந்து மணிக்காரம்மா: "சார், முதல் மணி அடிக்கற வரைக்கும் மேடை என் பொறுப்பு. உள்ள வரதுன்னா ஷூவைக் கழட்டுங்க. இல்லேன்னா கதவை விட்டு நகருங்க. காத்து அடிக்குது, விளக்கு ஆடுது."

அவர் தன் ஷூவைப் பார்த்தார். கயிறு கட்டிய ஷூ. நகர்ந்தார்.

மேடையில் நுழைந்தபோது அரங்கம் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. பேச்சு சட்டென்று அடங்கியது. நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள்! இப்போது யாராவது கைதட்டினால் நான் செத்தேன் என்று நினைத்துக்கொண்டே, கலங்கரை விளக்கத்தைச் சுற்றி, நேராக முதல் வரிசைக்குப் போனேன். அங்கே ஓரத்தில் இரண்டு இருக்கைகள் இல்லை. தச்சர் கழற்றி வைத்திருந்தார். யார் சொன்னது என்று கேட்டதற்கு அக்கா இன்னும் பதில் சொல்லவில்லை. திரும்பி நின்றேன். பிரேக் போட்டேன். கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒருத்தி தோழியிடம் "இன்னும் ஆரம்பிக்கலடி" என்றாள். பேச்சு மீண்டும் எழுந்தது. இவ்வளவு அழகான இரைச்சலை நான் கேட்டதில்லை.

அக்காவைப் பற்றி எழுத வார்த்தை போதவில்லை. முதல் வரிசையில் எல்லாம் தெரிகிறது. அவள் படி ஏறும்போது வலது முழங்கால் லேசாக நடுங்கியது. "அணைக்க மாட்டேன்" என்றபோது எச்சில் தெறித்து விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. அவள் என்னைப் பார்க்கவே இல்லை. நான் அங்கே இருப்பது அவளுக்கு நினைவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியில் எல்லோரும் எழுந்தார்கள், எனக்குப் பின்னால். முன்னால் யாரும் இல்லை. அவள் குனிந்து வணங்கியதை நான் பார்த்தேன்.

கூட்டம் மேலே வாசலை நோக்கி ஏறத் தொடங்க, நாங்கள் மேடைப் பக்கம் திரும்பினோம். கைத்தடி வைத்திருந்த ஒரு பெரியவர் "அந்தப் பக்கம் வழி இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணும் கணவனும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு காலில் கட்டுப் போட்டவர். பிறகு காலில் ஒன்றும் இல்லாத, வெறுமனே படி ஏறச் சலித்த ஒரு குடும்பம். எல்லோரும் மேடையில் கால் வைக்கப் போன நேரம் மணிக்காரம்மாவின் குரல் இடி மாதிரி: "செருப்பு!"

நான் சந்துக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது கவலைப்படாதீங்க கதவருகே காலுறையோடு நின்றுகொண்டிருந்தார். கையில் அந்தப் பெரியவரின் செருப்பு.

மே 20, செவ்வாய்

முன்படிகள் அப்படியேதான் இருக்கின்றன. கழிப்பறையும் மேலேதான், அடுத்த சண்டை அதற்கு. பாசி பிடித்த சாய்தளம் புது நாடகத்தில் மலைப்பாதையாக நடிக்கிறதாம். நன்றாகப் பொருந்துகிறது என்றாள் அக்கா.

முதல் நாளுக்கு டிக்கெட் வாங்கப் போனேன். டிக்கெட் ஜன்னல் இன்னமும் உயரம். உள்ளே இருப்பவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

"மேடைவழி ரெண்டு இடமும் போச்சேம்மா."

"யாரு வாங்கினது?"

"யாரு வாங்குவா? நாடகம் பாக்கறவங்கதான்."

அடுத்த வாரத்துக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன்.